ஃபால்கனைத் தடுக்க மாரியோவுக்கு ஃபார்வர்ட் ஏரா, பேக் ஏரா?

பேக் ஏர்தான் (காற்றில் இருந்தபடி பின்பக்கம் உதைப்பது; ஃபார்வர்ட் ஏர் முன்பக்கம் குத்துவது). ஸ்மாஷ் அல்டிமேட் என்ற நின்டெண்டோ சண்டை விளையாட்டில், மேடைக்கு வெளியே தள்ளிய கேப்டன் ஃபால்கனைக் கீழே அடித்து இறக்கப் போனால் ஃபார்வர்ட் ஏர் தவறி, அவர் உங்களையே பிடித்து மேலேறிவிடுகிறார் என்றீர்கள். அந்தக் குத்து 16ஆவது ஃபிரேமில்தான் வெளிப்படும் (ஒரு நொடிக்கு 60 ஃபிரேம்). அதாவது கால் நொடிக்கும் மேல். அதிலும் வீச்சின் நடுப்பகுதி பட்டால்தான் ஆள் கீழே போவார். பேக் ஏர் 6ஆவது ஃபிரேமிலேயே வந்துவிடும்.

இன்னொரு சந்தேகம், அவரிடம் இரண்டாவது ஜம்ப் (காற்றிலேயே மறுபடி குதிப்பது) மிச்சமிருக்கும்போதே நீங்கள் அடிக்கிறீர்கள். ரீப்ளேயைச் சேமித்து, நீங்கள் பட்டனைத் தட்டிய இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஜம்ப் இருந்தால், முதல் வேலை வெளியே போய் அதைச் செலவழிக்க வைப்பது. அடிக்காமல் திரும்பி வந்தாலும் பரவாயில்லை.

பேக் ஏருக்கு உங்கள் முதுகு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். ஓடிப்போய் அப்படியே குதித்தால் முகம்தான் வெளியே இருக்கும். விளிம்புக்குச் சற்று முன்பே திரும்பி, உடனே குதியுங்கள். பயிற்சி மோடில் இது கைக்கு வரும்வரை ஆளோடு ஆட வேண்டாம். அப்புறம், அவர் பிடிக்கு எட்டாத தூரத்தில் காலின் நுனி பட்டால் போதும்.

ஒன்று மட்டும்: அவர் வாங்கிய சேதம் குறைவாக இருக்கும்போது ஒரு பேக் ஏர் அவரைக் கொன்றுவிடாது, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். ஜம்ப் தீர்ந்து நேர் கீழிருந்து வருகிறார் என்றால், அப்போது ஃபார்வர்ட் ஏரை முயலலாம்.