மதினி அனுப்பும் பெட்டி

கேள்வி: பாளையங்கோட்டையில் நானும் கணவரும் மட்டும்தான். கணவரின் அக்கா பல் துலக்கும் மூங்கில் பிரஷ், சிரட்டைக் கிண்ணம், துணிப்பை என்று இயற்கைப் பொருட்கள் விற்கிறார். மாதம் ஒரு பெட்டி வந்துவிடும், 1,500 ரூபாய். வேண்டாம் என்றால் மதினிக்கு மனத்தாங்கல். கிரெடிட் கார்டில் வாங்கி வாங்கி 40,000 பாக்கி நிற்கிறது. மாதம் 2,000 தவறாமல் கட்டியும் கூடிக்கொண்டேதான் போகிறது. இப்போது 9,000 ரூபாய்க்கு உரத்தொட்டி வாங்கச் சொல்கிறார், வட்டியில்லாத் தவணையில். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிளாஸ்டிக்கின் கெடுதலை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்களைக் கடிப்பது அந்த 2,000 ரூபாய்தான்.

கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வையுங்கள். 40,000-க்கு 1,400. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 252. ஆக 1,650 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 350. அதே மாதம் 1,500-க்குப் புதுப் பெட்டி. கடன் எப்படிக் குறையும்? பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும், தெரியுமா?

கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். சும்மா கிடக்கும் நகை இருந்தால் வங்கியில் வைத்துக் கார்டு பாக்கியை மொத்தமாக அடையுங்கள். பத்து சதவீத வட்டி என்றாலும் முதல் மாதம் 330 ரூபாய்தான். 2,000-ஐயும் பெட்டிக் காசு 1,500-ஐயும் சேர்த்து மாதாமாதம் கட்டினால் ஒரு வருஷத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். இடையிடையே அசல் கட்ட விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டியில்லாத் தவணையா? அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும், அல்லது கட்டணம் என்று வேறு பெயரில் வரும். உரத்துக்கு, பழைய பெயின்ட் வாளியின் அடியில் நாலு ஓட்டை போட்டால் போதும். சிரட்டையைக் காசு கொடுத்து வாங்குவதை என்ன சொல்ல, நம்மூரில் அது அடுப்புக்குப் போகிற சாமான். துணிப்பையும் அப்படித்தான். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் போட்ட கணக்குப்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை ஐம்பது தடவைக்கு மேல் தூக்கினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். உங்கள் வீட்டில் மடித்துக் கிடக்கும் தாம்பூலப் பைகளை முதலில் எண்ணுங்கள்.

சரி, மதினியிடம் என்ன சொல்வது? வாங்க மாட்டேன் என்று சொல்ல வேண்டாம். "இருக்கிறது தீரட்டும் மதினி, அப்புறம் வாங்குகிறேன்" என்று சொல்லுங்கள். பிரிக்காமல் பன்னிரண்டு பிரஷ் கிடக்கிறது என்றும் எழுதியிருந்தீர்களே. மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டு பேர்: ஒன்றரை வருஷம் வரும்.