விற்பதற்காக அழித்த மடிக்கணினி இயங்க மறுக்கிறது

கேள்வி: தமிழ்வழிப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பழைய மடிக்கணினியைப் பொள்ளாச்சியில் கல்லூரியில் படிக்கும் உறவினர் மகளுக்கு விற்பதாகப் பேசியிருக்கிறோம். ஏழாம் தலைமுறை ஐ5 பிராசஸர், சாதாரண ஹார்டு டிஸ்க், வாங்கும்போதே விண்டோஸ் 10 இருந்தது. வங்கி விவரங்களும் மாணவர் மதிப்பெண் பட்டியல்களும் அதில் இருந்ததால், டிபேன் மென்பொருளைக் கொண்டு டிஸ்க் முழுவதையும் அழித்தேன்; அது இயங்குவதற்காகப் பயோஸில் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளில்) பூட் முறையை, அதாவது கணினி தொடங்கும் முறையை, லெகஸி என்று மாற்ற நேர்ந்தது. இப்போது நிறுவனத்தின் சின்னம் தோன்றி, ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்ற வரியோடு நின்றுவிடுகிறது. விண்டோஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்துச் செருகியும் பயனில்லை. மதர்போர்டு போய்விட்டதாகக் கடையில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: மதர்போர்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம், ஐயா. கணினியை இயக்கியவுடன் எஃப்2 விசையை (சில நிறுவனங்களில் எஃப்10) விட்டு விட்டுப் பலமுறை அழுத்திப் பயோஸுக்குள் செல்லுங்கள். அங்கே ஹார்டு டிஸ்க்கின் பெயர் காணப்பட்டால், மதர்போர்டைக் குறை சொல்ல ஆதாரமே இல்லை. டிபேன் உங்கள் கோப்புகளோடு விண்டோஸையும், அதை மீட்பதற்காக நிறுவனம் ஒதுக்கி வைத்திருந்த மறைவுப் பகுதியையும் சேர்த்தே அழித்துவிட்டது. தொடங்குவதற்கு டிஸ்க்கில் எதுவும் இல்லை என்பதையே அந்த வரி தெரிவிக்கிறது.

பயோஸில் இருக்கும்போதே பூட் முறையை மறுபடியும் யுஇஎஃப்ஐ (லெகஸிக்குப் பின் வந்த புதிய தொடக்க முறை) என்று மாற்றிச் சேமியுங்கள். டிபேன் பழைய லெகஸி முறையில் மட்டுமே இயங்கும் என்பதால்தான் நீங்கள் அதை மாற்ற வேண்டியிருந்தது. அப்படியே விட்டுவிட்டு விண்டோஸை நிறுவினால், பின்னாளில் யாரேனும் அந்த அமைப்பை யுஇஎஃப்ஐக்குத் திருப்பும் நாளில் கணினி மீண்டும் இதே வரியைக் காட்டி நிற்கும்.

ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே நகலெடுத்தால் பென் டிரைவிலிருந்து கணினி தொடங்காது. வேறொரு விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலுள்ள மீடியா கிரியேஷன் டூல் என்ற இலவச மென்பொருளை இறக்கி, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவில் அதன் வழியாகவே நிறுவல் வட்டை உருவாக்க வேண்டும். அதிலுள்ளவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றையே பயன்படுத்துங்கள். பின்பு எஃப்12 அல்லது எஃப்9 விசையால் பூட் பட்டியலைத் திறந்து, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். புராடக்ட் கீ கேட்கும் இடத்தில் ‘என்னிடம் இல்லை’ என்பதைத் தேர்வு செய்து, ஒதுக்கப்படாத இடத்தில் நிறுவச் சொன்னால் போதும். விண்டோஸோடு சேர்த்து விற்கப்பட்ட மடிக்கணினிகளில், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, அந்த உரிமக் குறியீடு பயோஸிலேயே பதிந்திருக்கிறது. டிஸ்க்கை எத்தனை முறை அழித்தாலும் அது போகாது. எனவே கடையில் ‘கீ’ என்று சொல்லி மலிவாக விற்பதை வாங்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளின் வழக்கமான காலம் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸரிலிருந்துதான் ஏற்கப்படுகிறது. இதை உறவினர் மகளிடம் மறைக்காமல் சொல்லி விலை பேசுவதே முறை. மாணவிக்கு உலாவியும் எழுத்துச் செயலியும் போதுமென்றால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை (உபுண்டு போன்ற ஒன்றை) நிறுவித் தருவதையே நான் விரும்புவேன். கேரள அரசுப் பள்ளிகளில் மாநில அரசின் கைட் நிறுவனத்தின் லினக்ஸ்தான் பாடத்துக்குப் பயன்படுகிறது என்பதை நீங்கள் வகுப்பறையிலேயே பார்த்திருப்பீர்கள். சிறப்பு மென்பொருள் எதையாவது அவள் கல்லூரி கேட்கிறதா என்று மட்டும் முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

அழித்த வேலையில் குறையில்லை. ஹார்டு டிஸ்க்கை ஒரு முறை முழுவதுமாக மேலெழுதினாலே பழைய கோப்புகளை மீட்க முடியாது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற சிப் வகைச் சேமிப்பகத்தை வைத்திருக்கும் வாசகர்கள் மட்டும் டிபேனை நம்ப வேண்டாம். அவர்கள் பயோஸிலோ டிரைவ் நிறுவனத்தின் மென்பொருளிலோ உள்ள செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்த வேண்டும். விண்டோஸ் இயங்கிக் கொண்டிருக்கும் கணினியை விற்பவர்களுக்கு, ரீசெட் திஸ் பிசி என்பதில் எல்லாவற்றையும் நீக்கி டிரைவைத் துப்புரவாக்கும் தேர்வு இருக்கிறது. அதில் விண்டோஸும் தங்கும், கோப்புகளும் போகும்.

விண்டோஸை நிறுவினால், நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை வந்ததும் மேலே செல்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். தன் கணக்கையும் தமிழ் விசைப்பலகையையும் அவளே அமைத்துக் கொள்வாள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து இக்கணினியை நீக்கி, பயோஸில் கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பழைய ரசீதோடும் சார்ஜரோடும் ஒப்படையுங்கள்.