ஆவாரை வளர்ப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

திருவான்மியூர் வாசகர்: அக்கா, ஆவாரை விதை போட்டு ஒரு மாசமாச்சு. ஒண்ணுகூட முளைக்கலையே?

பதில்: விதை செத்திருக்காதுங்க. அதன் தோல் கல் மாதிரி, தண்ணீர் உள்ளே இறங்காது. உப்புத்தாளில் ஒரு ஓரத்தை லேசாகத் தேய்ங்க. உள்ளே வெளுப்பு தெரிந்ததும் நிறுத்திடணும். இல்லாட்டி, கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அதில் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. காலையில் உப்பியிருக்கிறதை ஊன்றுங்க, உப்பாததை மறுபடி தேய்ங்க. செடி எங்கே நிற்கணுமோ அங்கேயே ஊன்றணும். ஆணிவேர் விறுவிறுன்னு கீழே போகும், பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆடி, ஆவணியில் போட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடிச்சிடும். உங்க பக்கத்துக் கடல் மணல் இதுக்கு அருமையான மண்.

வேளச்சேரி வாசகி: தினம் ரெண்டு வேளை தண்ணி விடறேன். இலை மஞ்சளாகிக் கொட்டுது.

பதில்: தண்ணியை நிறுத்துங்கம்மா. என் முதல் செடியும் இப்படித்தான் போச்சு. பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுத்து, தோல் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. மனசு ஆறவே இல்லை. உங்களுடையது களிமண், தாழ்வான இடம் வேறு. செம்மண்ணும் மணலும் கலந்து முழ உயரத்துக்கு மேடு கட்டி அதில் வையுங்க. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்றோமே, அப்போ என் வாசல் ஆவாரைக்கு ஒரு சொம்பு தண்ணிகூட விடலை. அது பூத்தது.

தாம்பரம் வாசகர்: நர்சரியில் ஆவாரைன்னு கொடுத்தாங்க. சந்தேகமா இருக்கு.

பதில்: இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்க. சின்னக் காது மாதிரி பச்சைச் செதில் இருந்தால் ஆவாரை.

அம்பத்தூர் வாசகி: பச்சைப் புழு இலையைத் தின்னுது. வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சி முட்டையிடத் தேடி வரும் செடி இது. இலை திரும்பத் துளிர்க்கும். காலையில் பூ பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்க. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் நுனியில் மட்டும் சின்னத் துளையுள்ள மகரந்தப் பைக்குள்ளே இருக்கும். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிர வைக்கும். ரீங்காரம் காதில் விழும்போதே மகரந்தம் மாவாய் அதன் வயிற்றில் கொட்டும்.

போரூர் வாசகர்: பூவைக் கொதிக்க வெச்சுக் குடிச்சா சர்க்கரை மாத்திரையை விட்டுடலாமா?

பதில்: கூடவே கூடாது. குடிக்கிறதுக்கு முன்னாடியும் உங்க டாக்டரைக் கேளுங்க.

மடிப்பாக்கம் வாசகி: சொந்த ஊர் ஈரோடு. போகிக்கு வீட்டு வாசலில் பூக்கொத்தைக் காப்பாகக் கட்ட இங்கே ஆவாரம்பூ கிடைக்கலை. என் செடி தைக்குள் பூக்குமா?

பதில்: நல்ல வெயில் படுகிற இடமா பாருங்க, நிழலில் நின்றால் கிளை நீளுமே தவிர பூக்காது. இந்த வருஷம் ஊன்றியதுன்னா அடுத்த தை வரை பொறுத்துக்கணும். பூ பறிக்கும்போது ரெண்டு கொத்தைக் காய்க்க விட்டுடுங்க. காய் முற்றிக் காய்ந்து, குலுக்கினால் கலகலன்னு சத்தம் வந்ததும் எடுத்து வையுங்க. திருவான்மியூர்க்காரருக்கும் ஒரு பிடி விதை கொடுங்க.