வாக்கர் என்றால் நடப்பவரா?

வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1790-களில் பிறந்த, வாக்கர் என்ற குடும்பப் பெயர் கொண்ட மூதாதையர் ஒருவரைத் தேடுகிறீர்கள். அந்தப் பெயருக்குக் காட்டைச் சுற்றி நடந்த காவலாளி என்று ஒரு தளம் பொருள் சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்ப வேண்டாம். துணியை மிதிப்பவர் என்பதே பொருள். தறியிலிருந்து வந்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரும் களிமண்ணும் (நம் முல்தானி மட்டி இதே வகைதான்) சேர்த்து மிதிப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகும், துணி சுருங்கி இறுகும். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நீரோட்டத்தால் இயங்கும் ஆலைச் சுத்தியல்கள் இதைச் செய்தன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதே தொழிலுக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். ஆகவே டெவன் பக்கம் உள்ள டக்கர்கள் உறவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வாக்கர்களே ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்தவர்கள். அதனால் ‘வாக்கர் குடும்பச் சின்னம்’ என்று விற்கும் கடைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது, அதில் அவர் பிறப்பு கிடைக்காது. 1851-இல் உயிரோடு இருந்திருந்தால் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் பிறந்த ஊர் இருக்கும். பிறந்த ஊரை 1841 கணக்கெடுப்பில் தேடிப் பயனில்லை, வசித்த மாவட்டத்திலேயே பிறந்தாரா இல்லையா என்பது மட்டுமே தெரியும். ஊர் தெரிந்தபின் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு. ஏடு சிதைந்திருந்தால் ஆயருக்கு அனுப்பிய நகல். 1813 முதல் ஞானஸ்நானம் பெற்ற அவருடைய பிள்ளைகளின் பதிவில் தந்தையான அவரது தொழிலும் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.