தாளைச் சுடுவது எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் வாத்து வேட்டைக்கு முன்னால் பெரிய தாளைச் சுட்டு ஓட்டை எண்ணுகிறார். எதற்கு சார்? – ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஷாட்கன் தோட்டாவில் இருப்பது ஒரு குண்டு இல்லை, ரவைகள் என்னும் சின்ன உலோக உருண்டைகள். அவை எப்படிச் சிதறுகின்றன என்று பார்க்கத்தான் தாள். 40 கஜத்தில் சுட்டு, ரவை நெருக்கமாக விழுந்த இடத்தில் 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுவார்கள். ஃபுல் சோக்கில், அதாவது சிதறலைக் குறைக்கக் குழல் முனையை நன்றாகக் குறுக்கினால், சுமார் 70 சதவீதம் உள்ளே விழ வேண்டும். 1991 முதல் அங்கே நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை தடை. அதற்குப் பதில் போடும் ஸ்டீல் ரவை லேசானது, சீக்கிரம் வேகம் இழக்கும், அதனால் பெரிய ரவை போடுகிறார்கள், அப்புறம் எண்ணிக்கை குறைந்து நடுவில் இடைவெளி விழுகிறது. ஒரே தாளை நம்பக் கூடாது, நாலைந்து தாளாவது சுட வேண்டும். மச்சான் ஊருக்கு வந்தால் பழவேற்காட்டுக்கு பைனாகுலரோடு கூட்டிப்போங்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம்.