உதவித்தொகையில் பிடித்தம், கனடா லிஸ்டுக்குக் காசு: எந்தப் புகாரை எங்கே கொடுப்பது?

கேள்வி: தமிழ்நாட்டில இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில இருக்கிறம். நான், கணவர், இரண்டு சின்னப் பிள்ளையள். மாதக் காசு கிடைக்கிற நேரம் ஒவ்வொரு குடும்பத்திலும் 200 ரூபா "ஆபீஸ் செலவு" எண்டு முகாம் தலைவர் பிடிக்கிறார். ஆர்.ஐ.க்கு (வருவாய் ஆய்வாளருக்கு) போகுதாம். அது போக, வெளியில இருந்து வந்த ஒருத்தர், யூ.என்.எச்.சி.ஆர். (ஐ.நா. அகதிகள் அமைப்பு) மூலமாக் கனடா லிஸ்டில பெயர் சேர்க்கிறன் எண்டு 40,000 ரூபா வாங்கினார். 25,000 ஜிபேயில, மிச்சம் கையில. ஐந்து மாதமாப் பதில் இல்லை. புகார் குடுத்தா, ஆக்களை அடைச்சு வைக்கிற சிறப்பு முகாமுக்கு அனுப்பிப் போடுவினம் எண்டு சனம் பயப்படுத்துது. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டையும் ஒரே மனுவில் எழுதிவிடாதீர்கள். முதலாவது, அரசு உங்களுக்குத் தந்த பணத்தில் கை வைத்தது. இரண்டாவது, உதவியின் பெயரைச் சொல்லி உங்கள் சொந்தப் பணத்தைப் பறித்தது. சட்டமும் வேறு, போக வேண்டிய அலுவலகமும் வேறு. சேர்த்து எழுதினால் காவல் நிலையம் கலெக்டர் அலுவலகத்தைக் கைகாட்டும், அவர்கள் திரும்பக் காவல் நிலையத்தைக் காட்டுவார்கள்.

கனடா விஷயத்தை முதலில் பார்ப்போம். அந்த ஆள் சொன்னது அடிப்படையிலேயே பொய். முகாம்வாழ் இலங்கைத் தமிழரைப் பதிவு செய்வது தமிழ்நாடு அரசு. யூ.என்.எச்.சி.ஆர். உங்கள் விஷயத்தில் செய்வது பெரும்பாலும், சொந்த விருப்பத்தில் நாடு திரும்புவோருக்கு உதவுவது. மூன்றாம் நாட்டில் குடியமர்த்துவதற்கு மனுப் போட்டுச் சேரும் லிஸ்ட் எதுவும் கிடையாது. யாரைப் பரிந்துரைப்பது என்பதை அந்த அமைப்பே முடிவு செய்யும். அதன் எந்தச் சேவைக்கும் கட்டணம் இல்லை. கனடாவில் தனியார் ஸ்பான்சர் முறை உண்டு, ஆனால் அதில் செலவை ஏற்பவர் ஸ்பான்சர். அகதியிடம் காசு வாங்கக் கூடாது. அடையாள அட்டை தொங்கவிட்ட ஊழியரே கேட்டாலும் நம்பாதீர்கள். நைரோபியில் குடியமர்த்தலுக்காக அகதிகளிடம் பணம் பறித்த கும்பலில் யூ.என்.எச்.சி.ஆர். அலுவலக ஊழியர்களே இருந்தது 2001-ல் வெளியானது. ஊழியர் யாராவது கேட்டால் ஜெனீவாவில் உள்ள அதன் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்கு இணையம் வழியாகவே புகார் அனுப்பலாம்.

அவர் செய்தது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 318(4)-இன் கீழ் மோசடி. ஏழு ஆண்டு வரை சிறை. அதிகாரி என்று வேடம் போட்டிருந்தால் 319-உம், போலிக் கடிதம் காட்டியிருந்தால் 336, 340-உம் சேரும். புகார் கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை.

இந்த வகைப் புகார்கள் சறுக்குவது ஓர் இடத்தில்தான். "40,000 கொடுத்தேன், திருப்பித் தரவில்லை" என்று எழுதினால், "இது கொடுக்கல் வாங்கல், சிவில் கோர்ட்டுக்குப் போங்கம்மா" என்பார்கள். பணம் வாங்கிய அன்றே அவர் சொன்னது பொய் என்பது மனுவில் தெரிய வேண்டும். இப்படி எழுதுங்கள்: "இன்ன தேதி, இன்ன இடத்தில், தான் யூ.என்.எச்.சி.ஆர். பட்டியலில் பெயர் சேர்த்துத் தருபவர் என்று இன்னாரின் முன்னிலையில் சொன்னார். அதை நம்பியே ஜிபே மூலம் 25,000 ரூபாயும், இன்ன தேதியில் கையில் 15,000 ரூபாயும் கொடுத்தேன். அப்படிப் பட்டியலில் சேர்க்கும் முறையே இல்லை என்று பிறகு அறிந்தேன்." அவர் பேசிய சொற்கள் நினைவிருந்தால் அப்படியே எழுதலாம்; பேச்சுத் தமிழாக இருந்தாலும் குறையில்லை.

ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனைக்கு 12 இலக்க யூ.டி.ஆர். எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, வங்கியில் முத்திரையிட்ட ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். வாட்ஸப்பில் தானாக அழியும் செய்தி வசதி போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது: மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-இன்படி சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலப் போன் கையில் இருப்பது நல்லது. விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ஐந்து மாதம் ஆகிவிட்டதால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்துப் பணத்தை முடக்குவது இனி கடினம். அது பணம் போன சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்கான ஒப்புகை) மட்டும் தந்தால் எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். பதிய மறுத்தால் அதே மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் ரசீதைத் தொலைத்தால் அங்கே வழக்கு தடுமாறும்.

இனி 200 ரூபாய். 2021-ல் உயர்த்திய கணக்கில் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவருக்கு 1,000, பிள்ளைக்கு 500. உங்கள் நால்வருக்கும் சேர்த்து மாதம் 3,500 ரூபாய். வங்கிக் கணக்கில் வந்தால் பாஸ்புக்கே சாட்சி. கையில் தருவதானால் நீங்கள் கையெழுத்துப் போடும் பட்டியலில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்; 3,500-க்குக் கையெழுத்து, கையில் 3,300 என்பதே குற்றத்தின் உருவம். அந்தப் பட்டியலில் இறந்துபோனவர், நாடு திரும்பியவர் பெயருக்கு எதிரே கையெழுத்து இருக்கிறதா என்பதும் கவனிக்க வேண்டியது.

முகாம் தலைவர் அரசு ஊழியர் இல்லை, அதனால் ஊழல் சட்டம் பாயாது என்பார்கள். தவறு. அரசு ஊழியரைச் சரிக்கட்டுவதாகச் சொல்லி இடையில் வாங்குபவருக்கு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 7ஏ பிரிவு இருக்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. ஆர்.ஐ. பங்கு வாங்குவது உண்மையானால் அவர் மீது பிரிவு 7. ஆர்.ஐ. பெயரைத் தலைவர் சும்மா சொல்லிக்கொண்டும் இருக்கலாம். அதனால் மனுவில் "ஆர்.ஐ. வாங்குகிறார்" என்று எழுதாமல் "ஆர்.ஐ.க்குப் போவதாகத் தலைவர் சொல்கிறார்" என்றே எழுதுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வேறு வழியின்றிக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் பிரிவு 8 அவரை விட்டுவிடும். உங்களுடையதில் அவரே பிடித்துக்கொண்டாரா, நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்களா என்பது முக்கியம். பிடித்துக்கொண்டிருந்தால் அது உங்கள் பணம் களவுபோனது போலத்தான், நீங்கள் லஞ்சம் கொடுத்தவர் ஆகமாட்டீர்கள். எடுத்துக் கொடுத்திருந்தால், பழைய மாதங்களைப் பற்றி எழுதும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அடுத்த பட்டுவாடாவுக்கு முன்பே மாவட்ட லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்படி ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுப்பது குற்றமாகாது. வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாக மாறும். விசாரணையில் அது வலுவான சான்று.

துறைக்கு எழுதுவதென்றால் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் மறுவாழ்வு ஆணையரகம் இருக்கிறது. கலெக்டரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கலாம். எண்பது கையெழுத்துள்ள ஒரே மனுவைவிட, தேதியும் தொகையும் போட்ட ஐந்து தனி மனுக்கள் எடுபடும். எண்பது பேரில் இருவர் மிரண்டு பின்வாங்கினால் முழு மனுவும் சந்தேகத்துக்குள்ளாகும். கணக்குக் கேட்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்களே விண்ணப்பிக்க முடியாது, அது குடிமக்களுக்கு மட்டும். இந்தியக் குடிமகனான ஆசிரியரோ வழக்கறிஞரோ 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கட்டும். ஆட்களின் பெயரைக் கேட்டால் அந்தரங்கம் என்று மறுப்பார்கள். மாதவாரியாகப் பெரியவர், பிள்ளைகள் எண்ணிக்கையும் பட்டுவாடா ஆன மொத்தத் தொகையும் கேட்டால் போதும்.

சிறப்பு முகாம் மிரட்டலுக்கு வருகிறேன். புகார் கொடுத்ததற்காக ஒருவரை அங்கே அடைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-ல் மத்திய அரசே விலக்குத் தந்துள்ளது. குடிமகனல்லாதவரின் உயிரையும் சுதந்திரத்தையும் காப்பது அரசின் கடமை என்று சக்மா அகதிகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிரட்டுபவர் யார், என்ன சொன்னார் என்பதையும் தேதியோடு குறித்து வையுங்கள், அது தனிக் குற்றம். பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு: தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டதும் அந்த ஆள் பணத்தோடு சமாதானம் பேச வருவார். வாங்கலாம், வங்கிக் கணக்கில் வாங்குங்கள், முழுத் தொகையையும் வாங்குங்கள். "எனக்குப் புகார் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம். 318(4) வழக்கில் நீதிமன்ற அனுமதியோடுதான் சமரசம் செல்லும். பணம் கணக்கில் ஏறிய பிறகு உங்கள் வழக்கறிஞர் அதற்கு மனுச் செய்யட்டும்.