ஏழு கிலோவுக்குள் கேமராவும் துணியும்: கேள்வி பதில்

முதுகுப்பையோடு வெளிநாடு கிளம்பும் நம் குமரி மாவட்டத்துப் புகைப்பட ஆர்வலர்களின் கேள்விகளும் என் பதில்களும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, டிசம்பரில் வியட்நாம் போறோம். தெற்கு, வடக்கு ரெண்டும் பார்க்கணும். கைப்பை 7 கிலோ மட்டும்தான். மூணு லென்ஸ் எடுக்கட்டுமா?

வேண்டாம். போன வருஷம் எடுத்த படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்எம்மில் (லென்ஸின் குவியத் தூரம்) எடுத்தது என்று பாருங்கள். முக்கால்வாசிப் படங்கள் ஒரே லென்ஸில் எடுத்தவையாக இருந்தால் அதை எடுங்கள். இரவுச் சந்தைக்கு ஒரு சின்ன பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) கூட இருக்கட்டும். மூன்றாவது லென்ஸை எடுத்துப்போனால், பாதி நாள் விடுதிப் பூட்டுப்பெட்டியில்தான் கிடக்கும்.

எடைக் கணக்கையும் பாருங்கள். கேனான் ஆர்50 கேமரா பேட்டரியோடு சேர்த்து 375 கிராம். அதே கம்பெனியின் ஆர்எஃப் 24-70 எஃப்2.8 லென்ஸ் மட்டும் 900 கிராம். வெறும் பையே ஒன்றரை கிலோ வரும். கேமராச் சாமான்களை 2 கிலோவுக்குள் முடித்தால்தான் துணிக்கு இடம் கிடைக்கும்.

துணி விஷயத்தில் நம்ம ஊர்க்காரர்கள் ஏமாறுவது வடக்கு வியட்நாமில். டிசம்பரில் தெற்கே சைகோனில் பகல் வெயில் 30 டிகிரியைத் தொடும். வடக்கே ஹனோய் குளிரும், சாபா மலையில் இரவில் 10 டிகிரிக்கும் கீழே போகும். டிசம்பர்தானே, நாகர்கோவில் மாதிரி இருக்கும் என்று டி-ஷர்ட்டோடு போய் நடுங்காதீர்கள். மூன்று சட்டை, இரண்டு பேன்ட், ஒரு ஃபிளீஸ் (மெத்தென்ற குளிர்ச்சட்டை), ஒரு மழைக்கோட்டு போதும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. கனமான ஷூவையும் கோட்டையும் விமானத்தில் போட்டுக்கொண்டே ஏறுங்கள். பெரும்பாலும் பையைத்தான் எடை போடுவார்கள், கோட்டுப் பையிலிருக்கும் லென்ஸை இல்லை. துண்டுக்கு நம்ம தோர்த்துதான். மடித்தால் கைக்குள் அடங்கும், ராத்திரி பிழிந்து போட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

குலசேகரம்: 30000 எம்ஏஹெச் பவர் பேங்க் வாங்கியிருக்கேன். விடுவாங்களா அண்ணே?

கஷ்டம். எம்ஏஹெச்சை 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள்: 111 வாட் அவர், அதாவது பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு. 100-க்குள் இருந்தால் சாதாரணமாக அனுமதி உண்டு, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். 20000 என்றால் 74தான், அதை வாங்கியிருக்கலாம். பவர் பேங்கும் கேமராவின் உபரி பேட்டரிகளும் கைப்பையில்தான் இருக்கணும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. பேட்டரி முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து எமிரேட்ஸில் போகிறவர்கள் கவனிக்க: 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒரு பவர் பேங்க்தான், அதையும் விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது.

தக்கலையிலிருந்து ஒரு ஆசிரியை: அக்டோபர் கடைசியில் நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரை நடக்கிறேன். குளிரில் கேமராவுக்கு என்ன ஆகும்?

டீச்சர், 4130 மீட்டர் உயரம் அது. ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே உபரி பேட்டரிகளை உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வையுங்கள், தூங்கும்போது ஸ்லீப்பிங் பைக்குள் வையுங்கள். தீர்ந்ததாகக் காட்டும் பேட்டரிகூடச் சூடானால் இன்னும் சில படம் தரும். அதைவிட ஆபத்து, வெளியிலிருந்து சூடான சாப்பாட்டு அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோவது. லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும், உள்ளேயும் ஈரம் கட்டும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, உள்ளே வந்து அரைமணி நேரமாவது கழித்துத் திறங்கள்.

உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையில் நனைந்து குளிரை இழுத்துவரும். கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் இறகு ஜாக்கெட், கடைசியில் காற்றும் மழையும் புகாத கோட்டு.

கிளம்புமுன் முழுப் பையையும் முதுகில் மாட்டி மருந்துவாழ் மலை ஏறி இறங்குங்கள். பாதிப் படியிலேயே எந்தச் சாமான் தேவையில்லை என்று தோள் சொல்லிவிடும்.

குளச்சல்: தம்பி, திரும்பி வரும்போது என் பழைய கேமராவுக்குச் சுங்கவரி கேட்டுவிட மாட்டார்களே?

பழையது ஒன்றுதானே, பெரும்பாலும் கேட்க மாட்டார்கள் ஐயா. புதுப் பெட்டியில் இருந்த மாதிரி பளபளவென்று லென்ஸ்கள் இருந்தால்தான் கேள்வி வரும். போகிற நாளில் சுங்க அதிகாரியிடம் சாமானைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் (இங்கிருந்து கொண்டுபோன சாமான் என்பதற்கான சான்று) வாங்கிவிட்டால் நிம்மதி. அதில் சீரியல் எண் இருக்கணும். பில்லின் நகலை போனிலும் வையுங்கள்.

சுங்கான்கடை, கல்லூரி மாணவி: அண்ணா, கம்போடியாவில் அங்கோர் வாட் கோயிலுக்கு ஷார்ட்ஸ் போட்டுப் போகலாமா? ஃபிலிம் கேமராவும் கொண்டுபோறேன்.

கூடாது. தோளும் முட்டியும் மறையணும், மேலே சால்வை போட்டுச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதே. முழுநீளப் பேன்ட், கை வைத்த சட்டை எடுத்துப்போ. ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் வைக்காதே, கதிர் பட்டுக் கெட்டுவிடும். இப்போது சில விமான நிலையங்களில் கைப்பைக்கே சிடி ஸ்கேனர் (வலுவான எக்ஸ்ரே) வந்துவிட்டது, அதுவும் ஆகாது. ரோல்களை ஒளிபுகும் கவரில் தனியாகப் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேள். சிரித்துக் கேட்டால் பாதிப்பேர் சம்மதிப்பார்கள்.

இரணியல்: கைலி எடுத்தா சிரிப்பாங்களா அண்ணே?

சிரிக்கட்டும் மக்கா. ஒன்று எடு. பத்துப்பேர் தூங்கும் விடுதி அறையில் கீழ்க்கட்டிலுக்குத் திரை அதுதான், உடை மாற்ற மறைப்பும் அதுதான். ரொம்பக் கனமில்லாததாகப் பார்த்து எடு.